படகிலே ஒரு குடித்தனம்

பெண்ணைப் பெற்றவர்கள் கவலைப்படுவதற்கு உலகத்தில் விஷயங்களுக்குப் பஞ்சம் இல்லை. வரன், நகை, ஜாதகப் பொருத்தம், புக்ககத்து மனிதர்களின் சுபாவம் முதலான பழைய கவலைகளில் ஒன்றாவது இன்னும் தீர்ந்தபாடில்லை. இந்த நிலையில் புதிதாக ஒரு கவலை எங்கள் திருப்போரூர் வரையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ‘லிவ் அபோர்டு’ என்று பெயர். ஒரு வாரம் முழுவதும் ஒரு படகிலேயே உண்டு, உறங்கி, தினம் மூன்று அல்லது நான்கு முறை முதுகிலே காற்று உருளையைக் கட்டிக்கொண்டு சமுத்திரத்தின் அடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பிரயாணம் அது. தரையில் கால் வைக்கிற பேச்சே அநேகமாய் இல்லை. காசி யாத்திரை போனவர்கள்கூட நடுநடுவே சத்திரத்தில் இறங்கினார்கள்!

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தாரின் குமாரி சிறுசேரியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறாள். புதுச்சேரிக்குப் போய் முக்குளிப்பில் பயிற்சி பெற்று அத்தாட்சிப் பத்திரமும் வாங்கியவள். இப்போது மாலத்தீவுக் கடலில் ஏழு நாள் படகு வாசத்துக்குப் போகவேண்டும் என்கிறாள். சொந்தச் சம்பாத்தியத்தில் போகிறாள். ஆகையால் பணத்தைக் காரணம் காட்டித் தடுக்கவும் தகப்பனாருக்கு வழியில்லை. அவர் என்னிடம் வந்து, “வாத்தியார் ஸார், உங்களிடம் படித்த பையன் ஒருவன் அந்தத் தொழிலில் இருக்கிறானாமே? அவனை ஒரு நாள் அழைத்து வாருங்கள். நாலு கேள்வி கேட்கவேண்டும்” என்றார். தாசில்தார்கள் ஓய்வு பெற்றாலும் அவர்களுடைய விசாரணை ஓய்வு பெறுவதில்லை.

அந்தப் பையன் நெம்மேலிப் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். தகப்பனாரும் பாட்டனாரும் கட்டுமரத்தில் போனவர்கள். எட்டு வருஷங்களுக்கு முன் மாலத்தீவில் ஒரு படகில் உருளைகளைத் தூக்கி வைக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, இன்று பிரயாணிகளை நீருக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக இருக்கிறான். விடுமுறையில் வந்திருந்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை தாசில்தார் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவன் சொன்னதையும், அதன்பேரில் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் நேயர்களுக்கு இந்த வாரம் தருகிறேன்.

“தம்பி, கடலுக்கு அடியில் பார்ப்பதற்கு மாலத்தீவுக்கா போகவேண்டும்? நம்முடைய மகாபலிபுரம் இல்லையா?” என்று தாசில்தார் விசாரணையைத் தொடங்கினார்.

கேள்வி நியாயமானதுதான். 2002-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சங்கத்தாரும் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே முழுகிப் பார்த்தார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில், மனிதர் கட்டிய சுவர்களின் மிச்சங்கள் கிடப்பதைக் கண்டார்கள். ஆனால் அது ஆராய்ச்சிக்காரர்களுக்கு உரிய இடம். அலை அதிகம், நீரோ கலங்கல். “நம்ம கடலில் கையை நீட்டினால் விரல் தெரியாத நாள் உண்டு ஸார். அங்கே முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் படகின் அடிப்பலகை தெரியும்” என்றான் பையன்.

மாலத்தீவு என்பது இருபத்தாறு பவள வளையங்களாகக் கடலில் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் சிறு தீவுகள். இந்த வளையத்துக்கு இங்கிலீஷில் வழங்கும் ‘அட்டோல்’ என்ற சொல்லே அந்தத் தீவுக்காரர்களின் பாஷையிலிருந்து போனதுதான். நம்முடைய கட்டுமரமும் இங்கிலீஷ் அகராதியில் ஏறியிருப்பதை நேயர்கள் அறிவார்கள். வளையத்தின் உடைப்புகள் வழியாகச் சமுத்திர ஜலம் உள்ளே பாய்ந்து வெளியே வடிகிறது. நீர் உள்ளே பாயும் நேரத்தில் அந்த வாய்க்கால்களின் முகத்தில் சுறாக்கள் கூடுகின்றன. அவற்றைப் பார்க்கத்தான் இத்தனை பேர் இத்தனை பணம் செலவழித்துப் போகிறார்கள். நம் குப்பத்தார் வலையில் வந்தால் சந்தோஷப்படுகிற பிராணியை, எதிரில் வந்தால் சந்தோஷப்படுகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்!

ஒரு படகு என்றேனே, உண்மையில் இரண்டு. பெரிய படகில் இருபது பேருக்கு அறைகள், சாப்பாட்டுக் கூடம், மேல்தளம் எல்லாம் உண்டு. கூடவே ஒரு சிறு படகு வருகிறது. அதற்கு அவர்கள் பாஷையிலும் தோணி என்றே பெயர். உருளைகள், ஈர உடுப்புகள், காற்றடைக்கும் இயந்திரம் யாவும் தோணியில் இருக்கும். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் பெரிய படகில் இருப்பவர் தூங்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. மேலும், நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய் எங்கே தலை தூக்கினாலும் தோணி சட்டென்று வந்து ஆளைத் தூக்கிக்கொள்ளும்.

இனி ஒரு நாளின் கதையைச் சொல்லுகிறேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மணி அடிக்கிறார்கள். தேநீர், இரண்டு பிஸ்கோத்து; அதற்குமேல் ஒன்றும் கிடையாது. உடனே எல்லோரும் ஒரு பலகையின் முன் கூடுகிறார்கள். வழிகாட்டி படம் வரைந்து பாடம் சொல்லுகிறான்: எங்கே குதிப்பது, நீரோட்டம் எந்தத் திசை, எத்தனை ஆழம், எத்தனை நிமிஷம், காற்று எவ்வளவு மிஞ்சும்போது திரும்புவது. மாலத்தீவுச் சட்டப்படி உல்லாசப் பிரயாணிகள் முப்பது மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அதைத் தினமும் சொல்லவேண்டும். பத்து நிமிஷப் பாடம். ஒருவரும் கொட்டாவி விடுவதில்லையாம். இருபது வருஷம் கரும்பலகை முன் நின்ற எனக்கு இதைக் கேட்கச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. அந்தப் பாடத்தில் கவனம் தவறினால் போவது மார்க்கு அல்ல அல்லவா?

பிறகு இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் கருவியை மற்றவர் பரிசோதிக்கிறார்கள். தோணியின் விளிம்பிலிருந்து ஒரு பெரிய அடி எடுத்து வைத்தால் கடல். உள்ளே ஏறக்குறைய ஐம்பது நிமிஷம். ஏறி வரும்போது நேரே வந்துவிடக் கூடாது. ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் ஒன்றும் செய்யாமல் மிதந்து நின்று பிறகுதான் மேலே வரவேண்டும்.

எட்டு, எட்டரை மணிக்குப் பலகாரம். சூரை மீனை உதிர்த்துத் தேங்காய், வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தின்பது தீவுக்காரர் வழக்கம்; ‘மாஸ் ஹுனி’ என்பார்கள். ஏறக்குறைய நம் பக்கத்துச் சுறாப்புட்டுக்குத் தம்பி முறை. தாசில்தாரின் மனைவி கதவோரத்திலிருந்து, “சைவமாய் ஒன்றும் கிடைக்காதா?” என்று கேட்டார்கள். கிடைக்குமாம். பருப்பும் சோறும் எந்நாளும் உண்டு. காய்கறி மட்டும் தலைநகரான மாலேயிலிருந்து முதல் நாள் ஏற்றியதுதான். கீரை இரண்டாம் நாளோடு சரி. ஐந்தாம் நாளுக்கு மேல் முட்டைக்கோஸும் பூசணியும் மாறி மாறி வரும். குளிக்கவும் குடிக்கவும் கடல் நீரையே உப்பு நீக்கி எடுக்கிறார்கள். நெம்மேலியில் 2013 முதல் கடல் நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்களே, அதே வித்தை ஒரு பீரோ அளவில் படகுக்குள் இருக்கிறது. ஆகையால் நீண்ட ஸ்நானம் செய்பவர்களைச் சிப்பந்திகள் அவ்வளவாக விரும்புவதில்லை.

பதினொரு மணிக்கு இரண்டாவது முழுக்கு. சாப்பாடு. தூக்கம். மூன்று மணிக்கு மூன்றாவது. சில நாட்களில் இருட்டிய பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு நான்காவது. நடுவிலுள்ள நேரத்தில் படித்தல், பார்த்த மீனின் பெயரைப் புத்தகத்தில் தேடுதல், நோட்டுப் புத்தகத்தில் ஆழமும் நிமிஷமும் குறித்தல், உலராத துணியைத் திருப்பிப் போடுதல், குமட்டலுக்கு இஞ்சி மெல்லுதல்.

“இவ்வளவு பணம் கொடுத்துப் போய்ப் பாதி நாள் தூங்குவானேன்?” என்றார் தாசில்தார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. முதுகிலே சுமப்பது பிராணவாயு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். இருநூறு மடங்கு அழுத்தி அடைத்தது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். தரையில் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு வீதம் அழுத்தம் ஏறுகிற ஆழத்தில், அந்த வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேருகிறது. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி இறுக்கி நிற்கும்வரை உள்ளே தெளிந்த ஜலம். கோலியைத் தட்டியவுடன் நுரை. முழுகியவர் அவசரப்பட்டு மேலே வந்தாலும் அப்படியே. நுரை கிளம்புவது மூட்டிலும் முதுகுத்தண்டிலும் மூளையிலும் என்பதுதான் வித்தியாசம். வாதம் வந்து கிடந்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துப் பரிசோதித்து, எத்தனை ஆழத்துக்கு எத்தனை நேரம் தங்கி ஏறவேண்டும் என்ற கணக்கை 1908-ல் வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டும் சிறு கருவி அந்த மாதிரிக் கணக்கைத்தான் போடுகிறது. கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943-ல் பிரான்சில் செய்த சுவாசக் கருவி மனிதனுக்கு மீனின் சுதந்திரத்தைக் கொடுத்தது என்று எழுதுவார்கள், ஆட்டின் பங்கையும் சேர்த்துச் சொல்வதே முறை.

ஆகவே, அந்த மத்தியான்னத் தூக்கம் உல்லாசம் அல்ல, பத்தியம். ஒவ்வொரு முழுக்கிலும் சேர்ந்த வாயு மெள்ள வெளியேறுவதற்குக் கொடுக்கும் அவகாசம். சாப்பாட்டு வேளை, தூக்க வேளை, அன்றைய முதல் முழுக்கே பெரும்பாலும் ஆழமானதாக இருப்பது, மது அருந்துகிறவர் கடைசி முழுக்கு முடிந்த பிறகே கிளாஸைத் தொடுவது எல்லாம் இந்த ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை. பார்ப்பதற்கு ராஜபோகமாய் இருக்கும் படகில் மடத்து நியமம் நடக்கிறது.

இவ்வளவும் கேட்டுத் தாசில்தாருக்குப் பாதி பயம் தெளிந்துவிட்டது. அவர் பயந்தது சுறாவுக்கு. பையன் சுறாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெண் முதன்முறையாக வாயைத் திறந்தாள். “ராத்திரியில் எல்லோரும் தூங்கும்போது யார் விழித்திருப்பார்கள்?” என்று கேட்டாள்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதைத்தான் கேட்கவேண்டும். ஒருவரும் கேட்பதில்லை” என்றான்.

இந்தக் கேள்வியின் பின்னால் ஒரு துக்கக் கதை இருக்கிறது. 2019-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி விடியுமுன், கலிபோர்னியாக் கரைக்கு எதிரே ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு நங்கூரத்தில் நின்றபடியே பற்றி எரிந்தது. பிரயாணிகள் கீழ்த்தட்டில் அடுக்குப் படுக்கைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் எரிந்துகொண்டிருந்த ஒரே கூடத்தில் போய் முடிந்தன. முப்பத்து மூன்று பிரயாணிகளும் ஒரு சிப்பந்தியும் மாண்டார்கள். மேல்தட்டில் படுத்திருந்த ஐந்து சிப்பந்திகள் பிழைத்தார்கள். சட்டப்படி இரவு முழுவதும் ஒருவர் விழித்துச் சுற்றிவர வேண்டும். அன்று ஒருவரும் விழித்திருக்கவில்லை. மாலுமித் தலைவர் 2023-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த வருஷம் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். மறுபடியும் 2024 நவம்பர் 25-ந் தேதி, செங்கடலில் ‘ஸீ ஸ்டோரி’ என்ற படகு விடியுமுன் கவிழ்ந்து மூழ்கியது. பதினொரு பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். அன்று முதல் நெம்மேலியில் இருக்கும் இவன் தாயார் தினந்தோறும் இரவில் டெலிபோனில் அவன் குரலைக் கேட்காமல் படுப்பதில்லையாம்.

“நான் முதலில் இருந்த படகில் பகலில் மூன்று தடவை முழுகியவனையே ராத்திரிக் காவலுக்கும் போடுவார்கள் ஸார். உடம்பு கேட்குமா? உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். பிரயாணிகளின் காமிராவும் விளக்கும் கூடம் முழுக்க மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு நாள் விழித்துப் பார்த்தேன், மணி நாலரை. ஒன்றும் நடக்கவில்லை; ஆனால் அன்றைக்கு நான் நடுங்கின நடுக்கம் எந்தக் கடலிலும் நடுங்கினதில்லை.”

இப்போது இருக்கும் படகில் அவன் தானாகவே ஓர் ஏற்பாடு கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். காவல் முறை வருகிற நாட்களில் மத்தியான்ன முழுக்குக்கு இறங்குவதில்லை. அதற்குரிய படியைப் பிடித்துக்கொள்கிறார்கள். உறங்கும் இருபது பேருக்காக விழித்திருப்பதற்குக் கூலி கொடுப்பது போய், விழித்திருக்கத் தகுதியாய் இருப்பதற்கு இவனிடம் கூலி பிடிப்பது என்ன நியாயமோ எனக்கு விளங்கவில்லை. தாசில்தாருக்கும் விளங்கவில்லை, அவர் உத்தியோகத்தில் இருந்திருந்தால் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பார்.

ஆனால் அந்தக் காவலைப் பற்றிச் சொல்லும்போது பையன் முகம் மலர்ந்தது. படகின் பின்புறம் ஒரு விளக்கை நீரில் படும்படி எரியவிடுவார்கள். வெளிச்சத்துக்கு நுண்ணிய உயிர்கள் புகைபோல் கூடும். இரண்டு மணி சுமாருக்கு, அவற்றை உண்ண ஆனைத்திருக்கை வரும். பாய் விரித்த அகலம்; வாயைத் திறந்தபடி, வெளிச்சத்துக்குள்ளேயே குட்டிக்கரணம் போட்டுக் குட்டிக்கரணம் போட்டுச் சுற்றும். சத்தமே இராது. “இதற்காகக் காசு கொடுத்து வந்தவர்கள் தூங்குகிறார்கள், நான் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். மணிக்கு ஒரு முறை இயந்திர அறை, மின்சாரம் ஏறும் இடம், நங்கூரக் கயிறு எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி அங்கே வந்து நிற்பேன்” என்றான்.

மேலே நிற்பவனை நம்பிக் கீழே இறங்குவது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில் படகுகள் நள்ளிரவில் தரைக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டு, விடிந்தபின் பார்களின்மேல் நின்று, நண்பகல்வரை வேலை செய்து, கடற்காற்றில் கரை திரும்பும். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும், கடல் கடந்து வந்த அராபியரும், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷ மூச்சில் இறங்கிச் சிப்பி வாரினார்கள். கயிற்றின் மறுமுனை ஒருவர் கையில். அது மைத்துனன் கையாய் இருக்கவேண்டும் என்பது முத்துத்துறையில் சொல்லப்படும் வழக்கம். தங்கையின் கணவனாயிற்றே, கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு! சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று ‘கடல்கட்டி’ என்ற மந்திரக்காரரும் கூடவே இருந்தார். 1905-ஆம் வருஷம் இலங்கைப் பக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சத்தை முழுகியவர்களும் படகுக்காரர்களும் பகிர்ந்துகொண்டார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது.

மந்திரக்காரர் போய்விட்டார், எண்ணுகிறவர் வந்திருக்கிறார். ஒவ்வொரு முழுக்குக்குப் பிறகும் தோணியில் ஏறியவர்களைப் பெயர் சொல்லி எண்ணவேண்டும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஒரு படகு தப்பாக எண்ணிவிட்டு, ஓர் அமெரிக்கத் தம்பதிகளைக் கடலிலேயே விட்டுக் கரைக்குத் திரும்பியது. அவர்கள் வராதது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு அவர்களை ஒருவரும் காணவில்லை.

அன்று மாலையே அந்தப் பெண் தன் கேள்விகளை எழுதினாள். இரவுக் காவல் யார், அவர் பகலில் முழுகுகிறவரா? அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே போய் முடிகிறது? புகை எழுந்தால் ஒலிக்கும் மணி அறைதோறும் உண்டா? மின்சாரம் ஏற்றும் இடத்தில் ராத்திரி ஆள் இருக்கிறதா? தோணியில் எண்ணுவது யார், எப்படி? இரண்டு படகுக்காரர்களுக்கு அனுப்பினாள். ஒருவர் பதிலுக்குச் சாப்பாட்டுப் படங்களை அனுப்பினார். படங்கள் வெகு நேர்த்தி. மற்றவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரி பதில் எழுதி, முழுகாத காவலர் இருவர் இருப்பதாகவும், வெளியேறும் வழிகளை முதல் நாளே நடந்து காட்டுவோம் என்றும் தெரிவித்தார். அவருக்கே முன்பணம் போயிற்று.

மாசி மாதம் புறப்படுகிறாள். தாசில்தார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பல முழுக்குகளுக்குப் பிறகு குறைந்தது பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது, உயரத்தில் அழுத்தம் குறைந்தால் மறுபடி அதே சோடா நுரைதான் என்று பையன் சொல்லியிருந்தான் அல்லவா? “கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவில் முழுசாய் ஒரு நாள் மாலேயில் தரையில் இருக்கவேண்டும், அப்படியானால் சம்மதம்” என்றார். டிக்கட்டை எடுத்துக் காட்டினாள். அப்படித்தான் வாங்கியிருந்தாள்.